அடியும் மீட்டரும்: அளவுக் கேள்விகளுக்குப் பதில்

காரைக்குடிப் பக்கம் முப்பது வருடமாக வீட்டு வேலைக்கும் மர வேலைக்கும் எஸ்டிமேட் போட்டு வருகிறேன். அளவு மாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

கோட்டையூர்: பட்டாவில் 0 - 12.50 என்று இருக்கிறது. பன்னிரண்டரை சென்ட்தானே அண்ணே?

இல்லை தம்பி. முதல் எண் ஹெக்டேர், அடுத்தது ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். உங்கள் இடம் கிட்டத்தட்ட 30.9 சென்ட். பன்னிரண்டரை என்று நினைத்து விலை பேசினால் பாதிக்கு மேல் இடம் சும்மா போய்விடும்.

தேவகோட்டை: கதவு நிலை உயரம் 2.1 மீட்டர், 6.89 அடி என்று போன் காட்டியது. ஆசாரி 6 அடி 9 அங்குலத்துக்கு அறுத்துவிட்டார்.

புள்ளிக்குப் பின்னால் வருவது அங்குலம் இல்லை, அடியின் பின்னம். 0.89-ஐ 12-ஆல் பெருக்குங்கள்: 10.7 அங்குலம் வரும். 6 அடி 10 அங்குலம் 5 நூல் (நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) வைத்திருக்க வேண்டும். ஐந்தரை அடிக்கு 5.5 என்று எழுதினால் அது 5 அடி 6 அங்குலம். இந்தப் புள்ளியால் எத்தனையோ நல்ல தேக்கு வீணானதைப் பார்த்திருக்கிறேன்.

கானாடுகாத்தான்: பிளானில் கூடம் 3600 × 4800 மில்லி. 10 அங்குல ஆத்தங்குடிக் கல் எத்தனை வேண்டும்?

17.28 சதுர மீட்டர், 186 சதுர அடி. 10 அங்குலக் கல் ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, 144 பிடிக்கும் (8 அங்குலமென்றால் 225). பரப்புக் கணக்குப்படி 268 கல். ஆனால் பரப்பை மட்டும் பார்த்து ஆர்டர் கொடுக்காதீர்கள். 3600 பக்கத்தில் 14 முழுக் கல் போட்டால் 44 மில்லி மிச்சம் நிற்கும். அதை ஒரே ஓரத்தில் துண்டாக வைத்தால் பூ டிசைன் வெட்டுப்பட்டு அசிங்கமாகத் தெரியும். இரண்டு பக்கமும் பிரித்து ஒற்றை நிற பார்டர் கொடுங்கள். சுவர்ப் பூச்சு ஏறினால் அந்த 44-ம் குறையும், அதனால் பூச்சு முடிந்தபின் டேப் பிடித்து அளந்துவிட்டுச் சொல்லுங்கள். 10 அங்குலத்தை 25 சென்டிமீட்டர் என்று எடுக்க வேண்டாம், அது 25.4. 19 கல் வரிசையில் அந்த வித்தியாசமே 3 அங்குலம் ஆகிவிடும். அப்புறம், கையால் ஊற்றுகிற கல் அது. அடுத்த முறை அதே நிறம் கிடைக்காது, கூடுதலாகக் கொஞ்சம் இப்போதே வாங்கி வையுங்கள்.

பள்ளத்தூர்: 3 நூல் கம்பி எத்தனை மில்லி?

ஒரு அங்குலத்துக்கு 8 நூல். 3 நூல் 9.5 மில்லி, கடையில் 10 மில்லி கம்பி தருவார்கள். 4 நூலுக்கு 12, 5 நூலுக்கு 16. பில்லில் மில்லியையே எழுதச் சொல்லுங்கள்.

திருப்பத்தூர்: தோப்பில் தேக்கு விற்றேன். 4 அடி சுற்றளவு, 10 அடி நீளம். நான் கணக்குப் போட்டால் 12.73 கன அடி. வியாபாரி 10 என்கிறார். ஏமாற்றுகிறாரா?

அவர் கால் சுற்றளவுக் கணக்கு போடுகிறார். சுற்றளவில் நாலில் ஒரு பங்கு, அதன் வர்க்கம், பெருக்கல் நீளம். 1736-இல் எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் அச்சிட்ட அட்டவணையில் இருந்து வந்த முறை. உங்கள் 12.73-ம் சரி, அவருடைய 10-ம் சரி. இரண்டும் வேறு வேறு கன அடி.

புதுவயல் (மர வியாபாரி): நன்றாகச் சொன்னீர்கள். அறுத்தால் எனக்கு 10 கூடக் கிடைக்காது.

உண்மைதான். அந்த மரத்தின் விட்டம் 15.3 அங்குலம். அதற்குள் அடங்கும் சதுரம் 10.8 அங்குலம்தான், ஒரே சட்டமாக எடுத்தால் 8.1 கன அடி. முறையில் எனக்கு மறுப்பில்லை.

திருப்பத்தூர்: அப்படியென்றால் ரசீதில் 0.283 கன மீட்டர் என்று ஏன் எழுதினார்?

இங்கேதான் எனக்கு மறுப்பு. ஒரு கன மீட்டருக்கு 35.3 என்பது நிஜக் கன அடிக்கு மட்டும். உங்கள் மரம் நிஜத்தில் 0.36 கன மீட்டர். கால் சுற்றளவில் வந்த 10-ஐ 35.3-ஆல் வகுத்து, அதற்குக் கன மீட்டர் விலை போட்டால் விற்றவருக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நஷ்டம்.

புதுவயல்: விலை அதற்குத் தகுந்தாற்போலத்தானே பேசுகிறோம்?

இரண்டு பேருக்கும் அது தெரிந்திருந்தால் சரி. இவருக்குத் தெரியவில்லையே. எந்தக் கன அடிக்கு அந்த விலை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குன்றக்குடி, நாச்சியாபுரம், இன்னும் இருவர்: பட்டாவில் ஏர்...

முதல் பதிலைப் படியுங்கள். 2.47-ஆல் பெருக்குங்கள். ஏர் வேறு, சென்ட் வேறு.

காரைக்குடி: குழந்தைக்கு மருந்து அரை அவுன்ஸ் என்றால் எத்தனை மில்லி?

அம்மா, மருந்துக்கு நான் பதில் சொல்லக் கூடாது. டாக்டரிடமோ மருந்துக் கடையிலோ மில்லியில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

திருப்பத்தூர்: கடைசியாக ஒன்று. மீதி மரத்துக்குச் சுற்றளவு எங்கே பிடிப்பது?

நீளத்தின் நடுவில். பட்டையோடு பிடிப்பதா, உரித்துவிட்டா என்று முதலில் பேசிக்கொண்டு, டேப் பிடிக்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.