ஓக் மரத்துப் பொறியைக் கழற்றாதீர்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சினில் உங்கள் வீட்டு ஓக் மரத்தில் யாரோ கட்டிவிட்டுப்போன பச்சை அட்டைப் பொறி, புழுப்பருவத்தில் மர இலைகளைத் தின்றழிக்கும் ஸ்பாஞ்சி அந்துப்பூச்சியை வரவழைக்கிறதோ என்று கேட்டிருந்தீர்கள். அதைக் கழற்ற வேண்டாம். அது பூச்சியை ஒழிக்க இல்லை, எண்ணுவதற்கு. உள்ளே பெண் பூச்சியின் வாசனைபோலச் செய்த டிஸ்பார்லூர் இருக்கும். ஆண் பூச்சிகள்தான் வந்து ஒட்டிக்கொள்ளும். எந்தப் பொறியில் எத்தனை என்று பார்த்துத்தான், பூச்சி எதுவரை வந்திருக்கிறது என அரசு அதிகாரிகள் வரைபடம் போடுகிறார்கள்.

அங்கே பரவியுள்ள ஐரோப்பிய வகையில் பெண்ணுக்கு இறக்கை உண்டு, பறக்கத்தான் வராது. 1860களின் கடைசியில் மாசசூசெட்ஸின் மெட்ஃபோர்டில் ஒருவர் வளர்த்த இடத்திலிருந்து தப்பித்த பூச்சி இவ்வளவு தூரம் வந்ததில், அதன் முட்டையைச் சுமந்துபோன நம் வண்டிக்கும் விறகுக்கும் பெரிய பங்கு உண்டு.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது தோட்ட நாற்காலியின் அடிப்பக்கம், காரின் சக்கர வளைவு, விறகுக் குவியல். பழைய கம்பளித் துண்டை ஒட்டியதுபோல் வெளிர்பழுப்பாக இருந்தால் முட்டைதான்; ஒரே கொத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும். தட்டிவிட்டால் போதாது, தரையிலும் பொரித்துவிடும். சுரண்டி, சோப்புத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிடுங்கள். அப்புறம், கையுறை முக்கியம். நான் முதல் தடவை வெறுங்கையால் சுரண்டிவிட்டு ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தேன்.