பேஸ் அதிர வேண்டும், கையில் இருப்பது ஆயிரம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆயிரம் ரூபாய்க்குள் பேஸ் தூக்கலான இயர்போன் தேடுகிறேன். ஒன்றில் ட்ரைவர், அதாவது உள்ளே ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர், 10 மி.மீ., இன்னொன்றில் 14 மி.மீ. பெரியதையே வாங்கிவிடலாம்தானே?
- கல்லூரி மாணவர், மதுரை

பதில்: இந்த மில்லிமீட்டர் கணக்கைப் பெட்டி மேல் அச்சடிக்க ஆரம்பித்த ஆள் யாரென்று தெரிந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். 2021இல் சென்ஹைசர் நிறுவனம் ஐஇ 900 என்ற இயர்போனை ஏறத்தாழ 1,300 டாலர் விலையில் கொண்டுவந்தது. உள்ளே இருக்கும் ட்ரைவர் 7 மி.மீ.தான். பேஸுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

13, 14 என்று பெருமையாகப் போட்டிருப்பவற்றில் பல, ரப்பர் இல்லாமல் காது வாசலில் சும்மா தொற்றிக்கொண்டிருக்கும் ரகம். காதுக்கும் அதற்கும் நடுவே சந்து இருந்தால் முதலில் காணாமல் போவது பேஸ்தான். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அந்த அளவு கீழே இறங்கும் ஒலி காதுக்குள் நிற்க வேண்டுமென்றால் காற்று வெளியே கசியக் கூடாது. மூடாத குக்கரில் விசில் வருமா?

அப்புறம் பெட்டியில் போடும் அந்த '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை'. அது மனிதக் காதின் எல்லை. எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்தோடு என்று சொல்லாதவரை அந்த எண் வெறும் அலங்காரம். 'எக்ஸ்ட்ரா பேஸ்', 'மெகா பேஸ்' எல்லாம் அதே ஜாதி. தங்க எழுத்தில் 'சூப்பர் பேஸ்' என்று போட்ட ஒன்று என் மேசை இழுப்பறையில் இன்னும் கிடக்கிறது. அதில் தவில் கேட்டால் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் மட்டும் கொழகொழவென்று வரும். கணீரென்ற மறுபக்கம், அந்த வலந்தலை, எங்கே போனதென்றே தெரியாது. பேஸ் அதிகமாக இருப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு.

உங்கள் பணத்துக்கு ப்ளூடூத் வேண்டாம். பேட்டரி, சிப், சார்ஜ் பெட்டி என்று பங்கு பிரித்தபின் ஒலிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். வயர் வைத்ததில் கேஇசட் ஈடிஎக்ஸ் ப்ரோ பாருங்கள். 10 மி.மீ., பேஸ் தாராளம். வயரைத் தனியாகக் கழற்றி மாற்றலாம் என்பது பெரிய வசதி, ஏனென்றால் இயர்போன் பெரும்பாலும் முதலில் சாவது போனில் சொருகும் முனைப் பக்கத்து வயரில்தான்.

கேள்வி: என் இயர்போனில் தம்பிக்கு பேஸ் அதிர்கிறதாம். எனக்குச் சப்பென்று இருக்கிறது. காதில் கோளாறா?
- வாசகி, திருச்சி

பதில்: காதில் இல்லை, ரப்பரில். பாட்டை ஓடவிட்டு, இரண்டு பக்கமும் விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பேஸ் சட்டென்று ஏறினால் ரப்பர் அளவு உங்களுக்குச் சேரவில்லை. பெட்டியில் வேறு அளவுகளும் கொடுத்திருப்பார்களே, அந்தச் சின்ன கவரைப் பிரித்தீர்களா? இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் என்று சட்டமில்லை. எனக்கு இடதுக்கு நடு அளவு, வலதுக்குப் பெரியது. மாட்டும்போது எதிர்க் கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு சொருகுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஃபோம் ரப்பர் வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: எம்.ஆர்.பி. 1,999 போட்ட பிராண்டட் இயர்போனை நடைபாதையில் 250க்கு வாங்கினேன். பில் இல்லை. இரண்டே வாரத்தில் போய்விட்டது. கம்பெனி வாரண்டி தர மறுக்கிறது.
- சென்னை

பதில்: கம்பெனி ஏன் தர வேண்டும், அது செய்த பொருளா அது? 1,999 ரூபாய்ப் பொருள் 250க்கு வந்தபோது கை பையைத் தொட்டது, மூளையைத் தொடவில்லை.

கேள்வி: புது போனில் இயர்போன் ஓட்டை இல்லை. 99 ரூபாய்க்கு சி-டைப் கன்வர்ட்டர் வாங்கினேன். பாட்டு போனிலேயே பாடுகிறது.
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: உங்கள் மேல் தப்பில்லை ஐயா. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் இரண்டு ரகம். ஒன்று வெறும் வயர். ஒலியை சி-டைப் வழியே நேராக அனுப்பும் போன்களில் மட்டும் வேலை செய்யும். இன்னொன்றில் போன் தரும் டிஜிட்டல் பாட்டை இயர்போனுக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் டிஏசி என்ற சிப் உள்ளேயே இருக்கும், பெரும்பாலான போன்களுக்கு ஒத்துவரும். இந்த வித்தியாசத்தைக் கடைக்காரர் சொல்வதில்லை, அட்டையிலும் போடுவதில்லை. அந்த வெறும் வயர் ரகம் என்னிடமும் உண்டு. 'டிஏசி உள்ளதா' என்று கேளுங்கள். கடையிலேயே உங்கள் போனில் சொருகிப் பாட்டுக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்கு 900 ரூபாயில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து மாட்டினால் ஒரு பக்கம் ஊமை. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று இருப்பதைக் காட்டி விரட்டிவிட்டார்கள். தையல் வேலை செய்கிறேன், இது எனக்குப் பெரிய பணம்.
- வாசகி, ஈரோடு

பதில்: அந்த வரியைக் கண்டு பயப்படாதீர்கள், அம்மா. பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவில் முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள். பில் தராமல் விடுவதும் அதே பிரிவில்தான் வருகிறது. பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கடைக்கு இதை எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப்பாக இருந்தாலும் சரி. மசியவில்லையா, 1915க்கு போன் போடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. அதற்கும் மேலே போக வேண்டி வந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. உங்கள் 900 ரூபாய்க்கு அங்கே கட்டணமே கிடையாது. விடாதீர்கள். என்ன ஆனது என்று எழுதுங்கள்.

கேள்வி: ஒரு வருடம் ஆன இயர்போனில் வலது பக்கம் மட்டும் சத்தம் குறைந்துகொண்டே போகிறது. தூக்கிப் போட்டுவிடவா?
- சேலம்

பதில்: காது அழுக்கு. ரப்பரைக் கழற்றி, ஒலி வரும் துளையின் வலையைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்து, காய்ந்த பல்துலக்கியால் தேயுங்கள். ஊசி வேண்டாம்.