பள்ளி விடும் நேரத்தில் எங்கள் வீட்டு வாசலை மறித்துக் கார்களை நிறுத்துகிறார்கள். கேட்டால் “ஐந்து நிமிடம்தான்” என்கிறார்கள். என்ன செய்வது?

அந்த “ஐந்து நிமிடம்தான்” என்ற சொல்லுக்காகத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். உங்கள் கேள்வியில் ஊர் பெயர் இல்லை. இருந்தாலும் உங்கள் தெரு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருபது, இருபத்தைந்து அடிக்கு மேல் அகலம் இருக்காது. நீங்கள் வீடு கட்டிய பிறகு பள்ளி வந்திருக்கும். முதலில் இருநூறு பிள்ளைகள் படித்திருப்பார்கள், அப்போது தொந்தரவு தெரிந்திருக்காது.

நாங்கள் மதுரையில் இருக்கிறோம். வீடு கட்டியது 1994-இல், எதிரே பள்ளி வந்தது 2003-இல். “பள்ளிக்கு எதிரே ஏன் வீடு வாங்கினீர்கள்?” என்று கேட்க நினைப்பவர்களுக்காக இந்த ஆண்டுகளைச் சொல்லிவைக்கிறேன். நான் போக்குவரத்துக் கழகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். முதலில் கண்டக்டர், கடைசிப் பதினான்கு ஆண்டுகள் டைம் கீப்பர். மாட்டுத்தாவணியில் எந்த பஸ் எத்தனை மணிக்கு நடைமேடைக்கு வர வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தலை நரைத்தது. வண்டியும் நேரமும்தான் எனக்குத் தெரிந்த விஷயங்கள்.

போன ஜூன் மாதம் என் மனைவிக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பிசியோதெரபிக்கு மாலை நான்கு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மூன்றரைக்கு வந்த ஆட்டோக்காரர் தெருமுனையிலிருந்து போன் செய்தார். “அண்ணே, உள்ளே வர வழியே இல்லை. அக்காவை மெதுவாக அழைத்து வர முடியுமா?” வேறு வழி தெரியாமல் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவளை நடத்திச் சென்றேன். இரண்டு பக்கமும் கார்கள், நடுவில் ஸ்கூட்டர்கள். பாதித் தூரம் போயிருப்போம், நின்றிருந்த ஒரு காரின் கதவு பின்னால் பார்க்காமல் திறந்தது. வாக்கரின் முன்கால் கதவில் மாட்டிச் சாய்ந்தது. பக்கத்தில் நின்ற பள்ளி வேன் ஆயா ஓடிவந்து தாங்கிப் பிடித்தார். அந்த அம்மா இல்லையென்றால் புது மூட்டோடு தரையில் விழுந்திருப்பாள்.

நான் சத்தம் போட்டேன், மறைக்கவில்லை. கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை. காரிலிருந்து இறங்கியவர், “பெரியவரே, ஐந்து நிமிடம் பொறுக்க முடியாதா? வீட்டில் சும்மா இருப்பவர்களுக்கு எங்கள் அவசரம் தெரியாது” என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒரு வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை, திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு காரும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதினேன். பள்ளி மணி 3:40-க்கு. முதல் கார் வருவது 2:50-க்கு. 3:25-க்குள் இரண்டு பக்கமும் நிரம்பிவிடும், ஒரு நாளைக்குக் குறைந்தது 26 கார்கள். பிள்ளைகள் வெளியே வந்து ஏறுவது 3:44-இலிருந்து நான்கு மணிக்குள். 3:44-க்குப் பிள்ளையை ஏற்றிய ஒரு காரால், முன்னால் நின்ற வண்டி நகராததால், 4:03 வரை கிளம்ப முடியவில்லை. ஐந்து நிமிடம் என்று சொன்னவர்களில் ஒருவர்கூட இருபது நிமிடத்துக்குக் குறைவாக நிற்கவில்லை. பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. காருக்குள் ஏ.சி. போட்டு, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு இருப்பவருக்கு நேரம் போவது தெரிவதில்லை.

அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. நெரிசலுக்கு மணி அடிப்பது காரணம் இல்லை, மணி அடிப்பதற்கு முன்பே அது முற்றிவிடுகிறது. பஸ் நிலையத்தில் நடைமேடை என்பது ஏற்றி இறக்க இருக்கும் இடம், காத்திருக்க இருக்கும் இடம் அல்ல. கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் பஸ்ஸை அங்கே விடுவோம். முன்னதாக வந்த வண்டி பின்னால் ஒதுங்கி நிற்க வேண்டும். ஓட்டுநர்கள் எல்லாரும் முன்கூட்டியே வந்து நடைமேடையைப் பிடித்துக்கொண்டால் பஸ் நிலையம் அரைமணி நேரத்தில் செத்துப்போகும். எங்கள் தெருவில் அதுதான் நடக்கிறது. முதலில் வருபவருக்கு வாசலை ஒட்டி இடம், கடைசியாக வருபவர் பிள்ளையைத் தெருமுனை வரை நடத்த வேண்டும். அதனால் இவர் பத்து நிமிடம் முன்னால் வந்தால் அவர் இருபது நிமிடம் முன்னால் வருகிறார்.

நிழலும் ஒரு காரணம். தெருவில் ஐந்து புங்க மரங்கள் இருந்தன. மழைநீர் வடிகால் தோண்டியபோது வேரோடு நான்கு போயின. மாற்றாக நட்ட கன்றுகளுக்கு ஒருவரும் தண்ணீர் ஊற்றவில்லை. மிஞ்சிய ஒரு மரம் என் வீட்டு கேட்டுக்கு நேர் எதிரே நிற்கிறது. மதுரை வெயிலில் அந்த நிழலுக்கு எத்தனை கார்கள் போட்டி போடும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு மரங்களும் இருந்திருந்தால் என் வாசல் இவ்வளவு அடைபட்டிருக்காது என்று இன்றும் நம்புகிறேன்.

தெருவை நாடா வைத்து அளந்தேன். 24 அடி. ஒரு கார் ஐந்தரை அடி என்று வைத்தால் இரண்டு பக்கமும் பதினொன்று போய்விடும். சுவரிலிருந்து தள்ளி நிறுத்துவதால் இன்னும் இரண்டு அடி. மிச்சம் பதினோரு அடி. அதில் ஆறு அடிக்கு மேல் அகலமான பள்ளி வேன் நுழைந்துவிட்டால், எதிரே கார் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. ஒரு கதவு திறந்தாலே போதும், எல்லாம் நின்றுவிடும்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. பள்ளி நுழைவாயில் அருகிலோ, ஒரு வீட்டின் வாசலை மறித்தோ வண்டி நிறுத்தக் கூடாது என்பது சாலை விதிகளில் நெடுங்காலமாக இருக்கிறது. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதங்கள் உயர்ந்த பிறகு, தடை உள்ள இடத்தில் நிறுத்தினால் முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய். ஆம்புலன்சுக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய். ஆனால் சட்டத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். நான் போக்குவரத்துக் காவலரிடம் சொன்னதும் மூன்று நாள் வந்து நின்றார்கள், தெரு சுத்தமாக இருந்தது. நான்காம் நாள் ஒரு பந்தோபஸ்துக்குப் போய்விட்டார்கள், பழையபடி ஆகிவிட்டது. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரே நேரத்தில் ஊரில் அத்தனை பள்ளிகளும் விடும்போது எத்தனை வாசலில் அவர்கள் நிற்க முடியும்?

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே முடிச்சூரில் பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதற்குப் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. உதவியாளர் இல்லாமல் ஓட்டக் கூடாது. பள்ளி திறப்பதற்கு முன் ஒவ்வொரு ஆண்டும் வண்டிகளை வரிசையாக நிறுத்திப் படிக்கட்டு, அவசர வழி, தீயணைப்புக் கருவி என்று பார்க்கிறார்கள். சரியான வேலை, நானும் கைதட்டுவேன். ஆனால் அதே வாசலில், முதுகில் பையோடு ஓடும் யு.கே.ஜி. குழந்தைகளுக்கு நடுவே பின்பக்கமாக நகரும் இருபத்தாறு கார்களை யாரும் பார்ப்பதில்லை. வேனிலாவது ஒரு ஆயா இறங்கிப் பின்னால் பார்க்கிறார்.

நோட்டை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் போனேன். “கேட்டுக்கு வெளியே இருப்பது மாநகராட்சியின் பொறுப்பு, ஐயா” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் பிள்ளைகளைச் சேர்த்தது கேட்டுக்கு உள்ளே, கட்டணம் வாங்கியது உள்ளே, நெரிசல் மட்டும் வெளியேயா? இதைக் கேட்டுவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் முறை போனபோது பெற்றோர் சங்கத்தில் இருந்த ஒரு தாய் அங்கே இருந்தார். நோட்டை வாங்கிப் புரட்டியவர், தன் கார் எண்ணையும் அதில் பார்த்தார். 38 நிமிடம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் வர வேண்டும், அப்பா” என்றார்.

நான் காருக்கு எதிரி இல்லை. என் மகனிடம் கார் இருக்கிறது, மனைவியை மருத்துவமனைக்கு அதில்தான் அழைத்துப் போனான். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், வேலைக்கு நடுவே ஓடிவந்து பிள்ளையை ஏற்றிவிட்டு மறுபடி அலுவலகம் ஓடுபவர்கள் இருக்கிறார்கள். பெண் குழந்தையைத் தனியாக நடந்து அனுப்பப் பயப்படும் தாயிடம் நான் போய்ப் பாடம் நடத்த முடியாது. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. நம் பெற்றோர்கள் மூன்று பள்ளிகளைத் தாண்டி நான்காவதில் சேர்க்கிறார்கள். நானும் என் மகளை அப்படித்தான் சேர்த்தேன். ஆனால் அவள் டவுன் பஸ்ஸில் போனாள்.

டவுன் பஸ் என்றதும் நெஞ்சு எரிகிறது. எங்கள் தெருமுனை வழியாகப் பள்ளி விடும் நேரத்துக்கென்றே ஒரு பஸ் நடை, அதாவது ட்ரிப், இருந்தது. கூட்டம் பிதுங்கும். அதை நிறுத்திவிட்டார்கள். வசூல் இல்லை என்றார்கள். இலவசப் பாஸில் ஏறும் பிள்ளைகளிடம் வசூல் எங்கிருந்து வரும்? அந்த ஒரு நடையில் அறுபது பிள்ளைகள் போனார்கள். இன்று அவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஸ்கூட்டராவது காராவது வந்து எங்கள் தெருவில் நிற்கிறது. அதை எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. என் பணிக்கொடையும் பதினான்கு மாதம் கழித்துத் தவணை தவணையாகத்தான் வந்தது, மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்க வேண்டியதாயிற்று. 31 ஆண்டுகள் பொங்கல், தீபாவளி பார்க்காமல் நின்றவனை “சும்மா இருப்பவர்” என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கூட்டத்தில் மூன்று சத்தம், நான்கு வாக்குவாதம். வேன் ஓட்டுநர்கள்தான் எனக்குத் துணை நின்றார்கள். பள்ளியின் விளையாட்டு மைதானத்துக்குப் பின்பக்கம் ஒரு கேட் உண்டு, நாற்பது அடிச் சாலையில். விளையாட்டு விழாவுக்கு மட்டும் திறப்பார்கள். “அதைத் தினமும் திறந்தால் என்ன?” என்று கேட்டவர் ஒரு வேன் ஓட்டுநர். எல்.கே.ஜி. முதல் இரண்டாம் வகுப்பு வரை 3:15-க்கு, ஐந்தாம் வகுப்பு வரை 3:30-க்கு, மற்றவர்கள் 3:45-க்கு என்று பிரித்தார்கள். கார்கள் பின் கேட்டுக்கு மட்டும். அதுவும் தங்கள் பிள்ளையின் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்தால் போதும். முன் கேட் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் வேன்களுக்கும். அண்ணன் தங்கையாகப் படிப்பவர்களில் சின்னவர் நூலகத்தில் உட்கார்ந்து காத்திருப்பார். ஒரு உடற்கல்வி ஆசிரியரும் காவலாளியும் கயிறு பிடித்து நிற்கிறார்கள். போக்குவரத்து உதவி ஆய்வாளர் இரண்டு தடுப்புகள் தந்தார்.

மூன்று மாதமாக நடக்கிறது. போன வாரம் மறுபடி எழுதிப் பார்த்தேன், 3:25-க்கு எங்கள் தெருவில் நான்கு கார்கள். மழை பெய்தால் எல்லாம் குலைந்துவிடுகிறது. பின்பக்கச் சாலையில் குடியிருக்கும் ஒரு அம்மா, “உங்கள் வீட்டுத் தொல்லையை எங்கள் வீட்டுக்குத் தள்ளிவிட்டீர்கள்” என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். அவர் கோபம் நியாயம். அங்கே சாலை அகலம் என்றாலும் அவர் வாசலை ஒருவர் மறித்தால் மறித்ததுதான். அவருக்காக அவர் வீட்டு கேட்டுக்கு இரண்டு பக்கமும் கோடு போடச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். அதில் முதல் கையெழுத்து என்னுடையது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். தெருவில் நின்று சண்டை போடாதீர்கள், நான் போட்டு ஒரு பயனும் இல்லை. ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: வண்டி எண், வந்த நேரம், பிள்ளை ஏறிய நேரம், கிளம்பிய நேரம். ஐந்து நாள் எழுதுங்கள். எண்களை ஊருக்குக் காட்ட வேண்டாம், வாட்ஸ்அப்பில் போடவும் வேண்டாம். பள்ளிக்கு வேறு கேட் இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். வேன் ஓட்டுநர்களிடம் முதலில் பேசுங்கள், அந்தத் தெருவை அவர்களைப் போல யாருக்கும் தெரியாது. பிறகு தலைமை ஆசிரியரைப் பாருங்கள், சனிக்கிழமை காலையில் போங்கள். மாலை மணி அடிக்கும் நேரத்தில் போனால் அவருக்குக் காது கேட்காது.