வேட்டை ரைஃபிளின் துல்லியம் எதைப் பொறுத்தது?

"விலை உயர்ந்த ரைஃபிள் வாங்கினால் குறி தப்பாதா? வேட்டைத் துப்பாக்கியின் துல்லியத்தைத் தீர்மானிப்பது எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கனடாவின் ஒன்டாரியோவில் நவம்பர் மான் வேட்டைக்குப் போகிறவன் நான். என் பதில்: விலைக்கு இதில் பங்கு குறைவு. இன்று தொழிற்சாலையிலிருந்து வரும் சாதாரண ரைஃபிளே பொருத்தமான தோட்டா (குண்டும் வெடிமருந்தும் அடங்கிய உறை) கிடைத்தால் 100 மீட்டரில் மூன்று குண்டுகளை ஐந்தாறு சென்டிமீட்டருக்குள் இறக்கிவிடும். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அகலம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

போட்டியில் சுடுகிறவருக்குப் பத்துக் குண்டுகளும் நெருங்கி விழவேண்டும். வேட்டைக்காரருக்கு முக்கியம் முதல் குண்டு. குளிர்ந்த குழலிலிருந்து போகும் அந்த ஒரு குண்டு, எந்த நாளில் சுட்டாலும் அதே இடத்தில் விழவேண்டும். விழாவிட்டால் காயப்பட்ட மான் காட்டுக்குள் ஓடித் துடித்துச் சாகும். அதனால்தான் இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்.

குறி திடீரென்று சிதறினால் என் முதல் சந்தேகம் திருகாணிகள்மேல்தான். ஸ்கோப்பை, அதாவது குறி பார்க்கும் தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் திருகாணி சற்றுத் தளர்ந்தாலும் ஒவ்வோர் உதைக்கும் ஸ்கோப் மயிரிழை நகரும். அது இலக்கில் பல சென்டிமீட்டராகத் தெரியும். கட்டையோடு (தோளில் ஊன்றிக் கையில் பிடிக்கும் பகுதி) துப்பாக்கியின் உடலை இணைக்கும் திருகாணிகளும் அப்படித்தான்.

அடுத்தது கட்டை. சுடும்போது குழல் அதிர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டு ஒரே இடத்துக்குப் போகும். கட்டை எங்கேயாவது குழலை உரசினால் அதிர்வு மாறிவிடும். மரக்கட்டை ஈரத்தை உறிஞ்சி உப்பக்கூடியது. அடைமழைக்குப் பிறகு குறி இடம் மாறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகி, உடல்பகுதிவரை இழுத்துப் பாருங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே உரசுகிறது. (சில ரைஃபிள்களில் கட்டையின் நுனி வேண்டுமென்றே குழலைத் தாங்கும்படி செய்யப்பட்டிருக்கும். அவற்றைச் செதுக்கிவிடாதீர்கள்.)

பலர் கவனிக்காத இடம் குழல்வாய். குண்டை விட்டுப் பிரியும் கடைசி விளிம்பு அது. வண்டியில் இடித்தோ, சுத்தம் செய்யும் கம்பி உரசியோ அங்கே ஒரு சிறு வடு விழுந்தால், குண்டு வெளியேறும்போது வாயு ஒரு பக்கமாக முந்திக்கொண்டு பீறிட்டு அதைச் சாய்த்துவிடும். காலித் துப்பாக்கியின் வாய் விளிம்பில் பஞ்சை உள்ளிருந்து வெளியே மெல்ல இழுங்கள். பிசிர் இருந்தால் பஞ்சின் இழை மாட்டிக்கொள்ளும். துப்பாக்கி பழுதுபார்ப்பவர் அந்த விளிம்பைப் புதிதாக வெட்டிக் கொடுப்பார். புதுக் குழல் வாங்கத் தேவையில்லை.

தோட்டாவைப் பொறுத்தவரை, ஒரே எடைக் குண்டாக இருந்தாலும் நிறுவனம் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் திருகு வரிகளான சுழல்வரியும் குண்டுக்கு ஒத்துவரவேண்டும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுழலும் .223 (தோட்டா வகையின் பெயர்) குழலில் 55 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டு அழகாகப் போகும். 77 கிரெயின் நீளக் குண்டு நிலைபெறாமல் தடுமாறும். இரண்டு மூன்று வகைகளை வாங்கிச் சுட்டுப் பார்த்து, துப்பாக்கிக்குப் பிடித்த ஒன்றோடு நின்றுவிடுங்கள். கோடையில் குறி சரிசெய்தவர்கள் குளிரில் மறுபடி சோதிப்பது நல்லது; உறைகுளிரில் வெடிமருந்தின் வேகம் குறையும். குழலில் எண்ணெய் தங்கியிருந்தாலும் முதல் குண்டு தனி வழி போகும். புறப்படுமுன் உலர்ந்த துணியால் உள்ளே துடைத்துவிடுவேன்.

வெடிக்கும் என்ற பயத்தில் சுடுகிறவர் கண்ணைச் சிமிட்டுவதும் தோளைச் சுருக்குவதும் எல்லா இயந்திரக் குறைகளையும் மிஞ்சும். சுடுதளத்தில் நண்பரிடம் கொடுத்து, உண்மைத் தோட்டாவையும் வெடிக்காத போலித் தோட்டாவையும் உங்களுக்குத் தெரியாமல் கலந்து போடச் சொல்லுங்கள். போலி வரும்போது குழல்முனை துள்ளினால் காரணம் விளங்கிவிடும்.

தூரம் கூடக்கூடக் காற்றும் புவியீர்ப்பும் ஆட்சிக்கு வருகின்றன. 100 மீட்டரில் சரியாக விழும்படி குறி அமைத்த .308 (இன்னொரு தோட்டா வகை) ரைஃபிளின் குண்டு 300 மீட்டரில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் இறங்கும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று அதை ஒரு சாண் தள்ளிவிடும்.

வேட்டைக் காலத்துக்கு முன், வெவ்வேறு நாட்களில் குளிர்ந்த குழலோடு ஒரே ஒரு குண்டு மட்டும் ஒரே இலக்குத் தாளில் சுட்டு, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துகிறேன். துளைகள் எவ்வளவு பரவியிருக்கின்றனவோ, அதைப் பார்த்துத்தான் எத்தனை மீட்டருக்கு அப்பால் நிற்கும் மானைச் சுடாமல் விடுவது என்று முடிவெடுக்கிறேன்.