பாண் ஓட்டோவுக்கு 'ஹீட் மேப்' வாங்கலாமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறேன். இரண்டு பாண் ஓட்டோ ஓடுகிறது. ஒன்று நிலாவெளிப் பக்கம், மற்றது சீனக்குடாப் பக்கம். எந்த ஒழுங்கையில் வியாபாரம் நடக்கிறது, எங்கே பெட்ரோல் வீணாகிறது என்று வரைபடத்தில் பார்க்க ஆசை. ஜிபிஎஸ் கருவிக்கு 18,000 ரூபாய், அதற்கு மேல் மாதம் 1,500 என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். சிவப்பும் மஞ்சளுமாக 'ஹீட் மேப்' (புள்ளிகள் குவிந்த இடத்தை நிறத்தால் காட்டும் வரைபடம்) ஒன்றும் காட்டினார்கள், நல்ல வடிவாக இருந்தது. வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சிவப்பு எதைக் காட்டுகிறது என்று கேட்டீர்களா? கருவி சில விநாடிக்கு ஒரு புள்ளி போடும். ஓட்டோ நின்றால் புள்ளிகள் ஒரே இடத்தில் குவியும். ஆகவே அதிகம் சிவந்திருப்பது பாண் விற்ற சந்தியாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஓட்டுநர் பிளேன்டீ குடித்த கடையாகவும் இருக்கலாம்.

முதலில் ஒரு மாதம் கைபோனிலேயே பாருங்கள். போன பாதையைப் பதிந்து ஜிபிஎக்ஸ் (பாதையின் புள்ளிகளைச் சேமிக்கும் வகை) கோப்பாகத் தரும் இலவச ஆப்கள் இருக்கின்றன. 10 விநாடிக்கு ஒரு புள்ளி என்று வையுங்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தாலும் ஓட்டோ ஒரு நிமிடத்தில் 250 மீட்டர் போய்விடும். நிமிடத்துக்கு ஒரு புள்ளி போட்டால் சின்ன ஒழுங்கைகள் வரைபடத்துக்கே வராது. போனின் பேட்டரி சேமிப்பை அந்த ஆப்புக்கு நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பதிவு இடையில் அறுந்து, விட்ட இடத்துக்கும் பிடித்த இடத்துக்கும் நேர்கோடு விழும். பார்த்தால் சீனக்குடாவிலிருந்து டவுனுக்கு ஓட்டோ கடலுக்கு மேலால் பறந்திருக்கும்!

வரைய கியூஜிஐஎஸ் என்ற கணினி மென்பொருள் போதும், காசில்லை. அடியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தைப் போடலாம். வெளியே பகிர்ந்தால் ஓரத்தில் அவர்கள் பெயர் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாள் ஓட்டத்தையும் மங்கலான கோடாகப் போட்டால், அடிக்கடி போகும் பாதை தானாகக் கறுக்கும். காலைக்கு ஒரு நிறம், பின்னேரத்துக்கு வேறு.

ஆனால் இதற்கெல்லாம் மேலே உங்களுக்குத் தேவை ஒரு கொப்பி. நின்ற இடம், நேரம், விற்ற றாத்தல். கடைக்காரர் காட்டிய கருவிக்கு இது தெரியாது. விற்பனையை வட்டங்களாகப் போடும்போது விட்டத்தில் கவனம். நாலு மடங்கு விற்ற இடத்துக்கு விட்டம் இரண்டு மடங்கு போதும். விட்டத்தையே நாலு மடங்காக்கினால் வட்டம் 16 மடங்கு பெருத்துக் கண்ணை ஏமாற்றிவிடும்.

அப்புறமும் கருவி வேண்டுமென்றால் (ஓட்டோ களவு போகும் பயம் இருந்தால் அது நியாயம்தான்) இரண்டு கேள்வி கேளுங்கள். பதிவுகளைக் கோப்பாக இறக்கித் தருவீர்களா? மாதக் காசை நிறுத்தினால் பழைய பதிவு என்னவாகும்? பதிலைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பற்றுச்சீட்டுத் தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைக்கலாம்.

ஓட்டுநர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் பதிவை நிறுத்தட்டும்; அவர்கள் வீட்டுப் படலை வரைக்கும் கோடு போகத் தேவையில்லை.