ஷெஃபீல்டின் அபேடேல் அரிவாள் தொழிற்சாலையை ஏன் இடிக்காமல் விட்டார்கள்?

பாதி அதிர்ஷ்டம், மீதி ஒரு அறக்கட்டளையின் புண்ணியம். இங்கிலாந்தில் ஷீஃப் ஆற்றங்கரையில் இருக்கும் இந்த இடத்தில் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே நீளப் பிடி வைத்த புல்லரிவாள்கள் செய்துவந்தார்கள். 1849இல் வந்த டைசாக் குடும்பம் 1933இல் வேலையை நிறுத்திவிட்டது. 1935இல் கிரேவ்ஸ் அறக்கட்டளை அதை வாங்கி நகரத்துக்கே கொடுத்துவிட்டது, இல்லையென்றால் இன்று அங்கே வரிசையாக வீடுகள்தான் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் அருங்காட்சியகமாகத் திறக்க 1970 ஆகிவிட்டது!

சரி, அப்படி என்ன விசேஷம்? எஃகு உருக்குவதிலிருந்து சாணை பிடிப்பது வரை எல்லாமே ஒரே முற்றத்தைச் சுற்றி நடந்தது. மூசை எனப்படும் களிமண் பானையில் எஃகை உருக்கி வார்த்து, அதை இரும்புப் பட்டைகளுக்கு நடுவே வைத்துப் பழுக்கக் காய்ச்சி, தண்ணீர்ச் சக்கரம் ஓட்டும் பெரிய சம்மட்டியின் கீழே அடித்து ஒட்டுவார்கள். வெளியே உள்ள இரும்பு அடி தாங்கும், நடுவில் இருக்கும் எஃகு கூர் காக்கும், அருமையான யோசனை. அப்புறம் சாணைக்கல். மூசை உலை முழுசாக மிஞ்சியிருப்பதுதான் பெரிய விஷயம். இரண்டாம் உலகப் போரின்போது எஃகு தேவைப்பட்டதால் அதை மறுபடி பற்றவைத்தார்கள்.