மறுமொழி: எக்கோ போர்டு போட்டதும் விளம்பர ஆட்டோவில் விசில் சத்தம்

வணக்கம் தம்பி. மன்னார்குடியில் விளம்பர ஆட்டோ, 12 வோல்ட் ஆம்ப்ளிஃபையர், அதில் குரலை எதிரொலிக்க வைக்கும் எக்கோ போர்டு சேர்த்த நாள் முதல் ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க விசில் ஏறுகிறது, இன்ஜினை அணைத்தால் நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் போர்டு கெடவில்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஆகும் சத்தம்தான் கரண்ட் சப்ளை வழியாக உள்ளே நுழைகிறது.

ஐப்பசி கடைசி நாள் காவிரி நீராடலான கடைமுழுக்கு சமயம் மயிலாடுதுறையில் எனக்கும் இதே தொல்லை. சாவி ஒயரில் இருந்து சப்ளை எடுத்திருந்தேன். பிளஸ், மைனஸ் இரண்டையும் பேட்டரி முனையிலிருந்தே, பியூஸ் வைத்து எடுத்ததும் பாதி அடங்கியது.

உங்கள் போர்டில் இருப்பது பிடி2399 என்ற எக்கோ ஐசி என்றால் அதற்கு 5 வோல்ட்தான் வேண்டும். 12 வோல்ட்டை 5 ஆகக் குறைக்கும் 7805 ரெகுலேட்டர் ஐசி போட்டு, அதன் இன்புட் பக்கம் 1000 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்று வையுங்கள்.

முக்கியமானது போர்டை வைக்கும் இடம். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அங்கேயே போர்டைச் சொருகினால் அதன் இரைச்சலும் சேர்ந்து பெருகும். மைக் சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்புக்கும் வால்யூமுக்கும் நடுவே போடுங்கள். ஷீல்டு ஒயரின் வலையை ஒரு முனையில் மட்டும் எர்த்தில் பற்றவையுங்கள். மறுமுனையில் வெட்டி, டேப் சுற்றிவிடுங்கள்.

அப்புறம், எக்கோ எத்தனை முறை திரும்ப வேண்டும் என்று வைக்கும் ரிப்பீட் குமிழைப் பாதிக்கு மேல் திருப்பாதீர்கள், ஊளையிடும். நெல் கொள்முதல் அறிவிப்புக்கு எக்கோவே வேண்டாம், தேதி காதில் விழாது.